சவரக் கத்திக்கு ஏற்ற தோல் வார்

சாணைக்கல்லில் தீட்டினாலே கத்தி கூராகிவிடுமே, அப்புறம் தோல் எதற்கு என்று கேட்கலாம். ஒர்க் ஷாப்பில் கிரைண்டிங் முடித்த ஜாபின் ஓரத்தைப் பாருங்கள், பிசிறு நிற்கும். சவரக் கத்தியிலும் அதே கதைதான். பிசிறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. போதாக்குறைக்கு ஒரு முறை சவரம் செய்ததுமே முனை லேசாக வளையும். அதை நேராக்கி வழவழப்பாக்குவது தோல் வாரின் வேலை. வார் சரியில்லை என்றால் நல்ல எஃகும் முகத்தைப் பதம் பார்த்துவிடும்.

எந்தத் தோல்? பலர் ஏமாறுவது இங்கேதான். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் இவற்றால் பதனிடுவது ஒரு முறை. குரோமியம் உப்பால் பதனிடுவது இன்னொன்று. (குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான்.) குரோம் தோல் பொதுவாக மெத்தென்றிருக்கும், இழுத்தால் நீளும். கத்தி அழுந்தும் இடத்தில் பள்ளமாகி, கத்தி நகர்ந்ததும் எழும்பி முனையை மழுக்கிவிடும். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேடு நடக்கிற தூரம். தோல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. "எல்லாம் ஒரிஜினல் தம்பி" என்பார்கள். நீங்கள் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் என்றால் குரோம். மேலிருந்து கீழ்வரை பழுப்பு என்றால் பட்டைத் தோல். சாயம் ஏற்றியிருந்தால் கண்ணை நம்பாதீர்கள். ஒரு துணுக்கு கேட்டு வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டுவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் பெரும்பாலும் தாங்கும்.

மாட்டின் முதுகுப் பகுதித் தோலாகக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி தொளதொளவென்றிருக்கும். வழவழப்பான பக்கத்தை உள்ளே மடித்தால் பெரிய சுருக்கம் விழக்கூடாது. 3 மில்லிமீட்டர் கனம், 3 அங்குல அகலம் போதும். கத்தியின் அலகும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். அகலம் குறைந்தால் குறுக்குவாட்டில் இழுக்க வேண்டும், புதியவர்களுக்குக் கை வராது.

தொங்கவிடும் வார் தளர்ந்தால் முனை போச்சு. ஆரம்பத்தில் சமமான பலகையில் ஒட்டிக்கொள்வதே என் கட்சி. கத்தியின் முதுகு முன்னே போக, முனை பின்னே வரவேண்டும். திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழக்கூடாது. பச்சைப் பேஸ்ட் தடவுவதானால் அதற்குத் தனித் தோல் வையுங்கள். தீட்டும் முன் உள்ளங்கையால் ஒரு தடவை துடையுங்கள். நம் சிப்காட் பக்கம் இரும்புத் தூசிக்குக் குறைச்சலா என்ன? ஒரு துகள் போதும், அலகில் பல் விழும்.

ஹாஸ்டலில் நாலு பேர் காசு போட்டு ஒரே வார் வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அந்தப் பயம் பரவிய பிறகே சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு வழக்கமானது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ்-பி கிருமியோ காய்ந்த ரத்தத்திலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். கத்தியைக் கொதிக்க வைக்கலாம். தோலை எப்படிக் கொதிக்க வைப்பது?