எது முதல், எது பின்?



“வாழ்வில் உங்களுக்கு முக்கியமானது எது?” என்று கேட்டால், “தேவ பக்தி, குடும்பம், நேர்மை” என்று எல்லோரும் பதில் சொல்லுவோம். பதில் சரிதான். ஆனால் பணம் ஒன்றாகவும் செலவு இரண்டாகவும் வரும்போது எது ஜெயிக்கிறதோ, அதைத்தான் நம் உள்ளம் உண்மையில் மதிக்கிறது. உங்கள் மாதக் கணக்கு நோட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். வாய் சொல்வதும் நோட்டு சொல்வதும் ஒத்திருக்கின்றனவா?

இதை அறிய நமக்கு வழி காட்டியவர் அர்ச். இஞ்ஞாசியார். ஸ்பெயின் தேசத்துப் போர்வீரரான அவருடைய காலை, 1521-ம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு ஒன்று முறித்தது. வீட்டில் படுத்துக் கிடந்தவர் வீரக் கதைகளைக் கேட்டார். கிடைத்தவையோ சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் வரலாறுமே. அரண்மனைப் புகழை நினைத்தபோது அந்நேரம் இனித்தது, பிறகு மனம் வறண்டது. அர்ச்சியசிஷ்டவர்களைப் போல் நடக்க நினைத்தபோதோ, பிறகும் இனிமை தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததே அவர் மனந்திரும்புதலின் தொடக்கம். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘ஞானப் பயிற்சிகள்’ நூலை 3-ம் சின்னப்பர் பாப்பானவர் 1548-ல் அங்கீகரித்தார். தீர்மானம் செய்யும் முறை அதில் தெளிவாக இருக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மகள் நர்ஸ் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். உறவினரோ, “நகை வாங்கிப் போடுங்கள், நாளைக்குக் கலியாணத்துக்கு ஆகும்” என்கிறார்கள். என்ன செய்வது?

முதலாவது, தராசு முள்ளைப் போல் மனதை நடுவில் நிறுத்தி, தேவ சித்தத்தை அறிய மன்றாடுங்கள். பிறகு இரண்டு பக்கத்து நன்மை தீமைகளையும் எழுதி எடை போடுங்கள்.

இரண்டாவது, முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து உங்களிடம் யோசனை கேட்பதாக நினையுங்கள். “ஊரார் பேச்சுக்குப் பயந்து செய்” என்று அவருக்குச் சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பயம் ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

மூன்றாவது, மரணப் படுக்கையில் இருப்பதாக நினையுங்கள். அப்போது எதைச் செய்திருக்க விரும்புவீர்களோ, அதை இப்போதே செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இரண்டு வழிகளும் பாவமற்றவையாய் இருந்தால் மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். லஞ்சம் வாங்கலாமா, எடையில் குறைக்கலாமா என்பதற்கு யோசனையே தேவையில்லை. மேலும், மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள்.

அந்தச் சீட்டுப் பணம் எதற்குப் போக வேண்டும் என்று பங்குக் குருவானவர் சொல்ல முடியாது. அந்த வீட்டுத் தாய் தகப்பன்தான் மகளையும் அருகில் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். ஆனால் பயம் தீர்மானித்ததா, மனச்சாட்சி தீர்மானித்ததா என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு நாள் இரவு, குடும்ப ஜெபமாலை முடிந்ததும், நம் வீட்டில் எது முதல், எது பின் என்று எல்லோரும் கூடிப் பேசுங்கள். சிறு பிள்ளைகளையும் பேசவிடுங்கள். நாம் எதை முதலில் வைக்கிறோம் என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.