கடையில் ஜிக்சா ஓடும்போது கவனிக்க வேண்டியவை

புதிய ரேக் அடிக்க வரும் தச்சர், ஜிக்சா மெஷினை நம் கடை பிளக்கில்தான் மாட்டுகிறார். ஆகவே அவருடைய பாதுகாப்பில் நமக்கும் பொறுப்பு உண்டு.

மின்தேவை பெரிதல்ல. 230 வோல்ட்டில் 600 வாட் மெஷின் சுமார் 2.6 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் ஃபிரிட்ஜ் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இதையும் மாட்டக் கூடாது. ஒயர் சுருளை முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுற்றியபடியே இருந்தால் சூடேறும்.

முக்கியமாக ஒன்று: ஃபியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல. 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரமே உயிரைப் பறிக்கும். அதற்கு ஃபியூஸ் போகாது. பூமிக்குக் கசியும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை மெயின் போர்டில் பொருத்துவோம். அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்ப்போம்.

மெஷின் மீது சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை. இல்லையேல் மூன்று பின் பிளக்கும் எர்த்தும் கட்டாயம்.

ஒயர் எப்போதும் பிளேடுக்குப் பின்புறமே கிடக்கட்டும். பிளேடு மாற்றும் முன் பிளக்கைக் கழற்றச் சொல்வோம். டேப் சுற்றிய ஒயரோடு வரும் மெஷினை அனுமதிக்க வேண்டாம். ரேக் ஒரு நாள் தாமதமானால் வியாபாரம் கெட்டுவிடாது.