தையல் வலியும் ஒரு தலையணையும்

எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தார், சிசேரியன் முடிந்த மறுநாள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "எழுந்து நடந்தால் தையல் பிரிந்துவிடாதா?" பிரியாது. கருப்பையும் வயிற்றுச் சுவரும் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டுள்ளன. அசையாது படுத்திருந்தால்தான் குடல் மந்தமாகி, வாயு தேங்கி, வலி கூடும். காலில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். எனினும் இவ்வலியைத் தாய்மார் வாய்திறவாமல் தாங்குவதையே நாம் இன்னும் பெருமையாகப் பேசுகிறோம்.

மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திற்குள், செவிலியர் துணையுடன் நடக்கத் தொடங்கலாம். மல்லாந்த நிலையிலிருந்து நேரே எழ முயல வேண்டாம். முழங்கால்களை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுக. இருமலோ, தும்மலோ, சிரிப்போ வரும்போது சிறு தலையணையைத் தையலின்மேல் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்க. வீடு திரும்பும் நாளிலும் அத்தலையணையை மறவாதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கிடையே எண்ணூர் விரைவுச் சாலையில் ஆட்டோ குலுங்கும்போது அதன் அருமை விளங்கும்.

பாலூட்டும்போது குழந்தையை வயிற்றின்மேல் கிடத்தாமல், அக்குளின்கீழ் பக்கவாட்டில் அணைத்தோ, ஒருக்களித்துப் படுத்தோ ஊட்டினால் தையலில் பாரம் இறங்காது.

வாயுவின் வலி சிலருக்குத் தோள்வரை ஏறும். இதற்குச் சூயிங்கம் மெல்லுவது உதவும் என்றால் பாட்டிமார் நகைக்கின்றனர். ஆனால் 17 ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வில், மென்றவர்களுக்கு வாயு சராசரியாக 7 மணி நேரம் முன்னதாகப் பிரிந்தது. கை, கால்களை இதமாகப் பிடித்துவிடுதல், விருப்பமான பாட்டு, மெதுவான ஆழ்ந்த மூச்சு ஆகியவற்றுக்கு அத்துணை உறுதியான சான்று இல்லை, ஆயினும் தீங்கில்லை. கணவரும் மாமியாரும் செய்யத்தக்க பணி இது. கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ இருந்தால் மட்டும் அங்கே பிடித்துவிடலாகாது.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. மலம் இறுகினால் முக்க நேரும். முக்கினால் தையல் வலிக்கும். வயிற்றில் வெந்நீரை ஓங்கி ஊற்றுவதும் வேண்டாம்.

இவையெல்லாம் மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அல்ல. பாலில் கலந்துவிடும் என அஞ்சிப் பாராசிட்டமாலைக்கூட மறைத்து வைக்கும் தாய்மாரைக் காண்கிறோம். பாலூட்டும் தாய்க்கு மருத்துவர் சொன்ன அளவில் அது பாதுகாப்பானதே.

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல், தையலில் சீழ், துர்நாற்றக் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்கு வருக. மிகுந்த உதிரப்போக்கோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், இரவு எந்நேரமாயினும் 108-ஐ அழையுங்கள்.