குப்பத்துச் சுவரும் பாரிஸ் பேரிக்காயும்

குப்பத்தில் நாற்பது வருஷமாகப் போர்டு எழுதுகிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. பிரஷ்ஷுக்கு இரண்டும் ஒன்றுதான். கார்ட்டூன் போடும் ஆசையில் ஞாயிறுதோறும் என் திண்ணைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இது.

1. முகத்தில் ஒரே இடத்தைப் பிடி. மூக்கோ தாடையோ, ஒன்று போதும். எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கினால் திருஷ்டிப் பூசணிக்காய்தான் வரும்.

2. பெயர் எழுதாதே. பாரிஸில் 'லா கரிகத்தூர்' பத்திரிகை நடத்திய சார்ல் பிலிப்போன், ராஜா லூயி பிலிப்பை இழிவுபடுத்தியதாக 1831 நவம்பரில் கூண்டில் நின்றார். நான்கு படம் போட்டுக் காட்டினார். முதலாவது ராஜாவின் முகம். அடுத்ததில் கன்னம் சரிகிறது. மூன்றாவதில் உச்சி ஒடுங்கி, கண்ணும் வாயும் வெறும் மடிப்பாகிவிட்டன. நான்காவது அசல் பேரிக்காய். சாயல்தான் குற்றமென்றால் பழத்தையும் தண்டிக்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். ஆறு மாதச் சிறை, 2,000 பிராங்க் அபராதம். அப்புறம் ஊர்ச் சுவரெல்லாம் பேரிக்காய். கரித்துண்டு கிடைத்தால் சின்னப் பையனும் போட்டுவிடுவானே!

3. நம் பக்கத்துக் கதையும் கேள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் படம்: மேடையில் இரண்டு பேர், எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேள்வி. பதிலில் ஒருவருக்கு ஜேப்படிக்காரன் சாயல், மற்றவருக்குக் கொள்ளைக்காரன் சாயல். யார் பெயரும் இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் விட்டார்கள். 1994-இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தொப்பியைத் தைத்தவன் சும்மா இருந்தான். எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் கோபம்.

4. படத்துக்குக் கீழே கதை எழுதாதே. பாரதியின் 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்களுக்கு நீண்ட விளக்கம் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அன்றைக்குத் தமிழ் வாசகனுக்குக் கார்ட்டூனே புதுசு. 1908-இல் சென்னையில் கைது தொடங்கியதும் பத்திரிகை புதுச்சேரிக்குப் போனது. பேரிக்காய் போட்டவரை உள்ளே தள்ளிய அதே பிரெஞ்சுக்காரர்களின் மண்!

5. கூலியை முன்பணமாக வாங்கு. ஒரு தேர்தலில் எதிராளியின் மூக்கைச் சுவர் நீளத்துக்கு இழுத்தேன். வேலை கொடுத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோற்ற மறுநாள் ஒருவரையும் காணோம்.

6. ரப்பரை நம்பாதே. பிரெஞ்சுக் கார்ட்டூன்காரர் தொமியே நாலாயிரம் படம்வரை கல்லில் போட்டவர். நம்மூர்ப் பச்சைக் கிரானைட் அதற்கு ஆகாது. தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சுகிற சுண்ணாம்புக்கல் வேண்டும். கொழுப்புக் கலந்த கட்டியால் வரைந்து, கோந்தும் அமிலமும் பூசி, கல்லை ஈரத்துணியால் துடைத்து உருளையை ஓட்டினால், கோட்டில் மட்டும் மை பிடிக்கும், ஈரத்தில் பிடிக்காது. தாளில் எல்லாம் இடம் வலமாக விழும். கோடு தப்பினால் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டின இடம் பிறகு சொன்னபடி கேட்காது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.