எல்லைப்புறத்தில் கைப்பேசி

தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடையது. ஜி.எஸ்.எம். முறையில் இயங்கும் கோபுரம் ஒன்று 35 கிலோமீட்டர் வரையிலுள்ள கைப்பேசியோடு தொடர்பு கொள்ள இயலும். நடுவே மலையோ கட்டடமோ இல்லை. எனவே, இக்கரையில் நிற்பவரது கைப்பேசியில் இலங்கை நிறுவனமொன்றின் பெயர் தோன்றுவது வியப்பன்று.

பன்னாட்டு ரோமிங் வசதி பெற்ற கைப்பேசி, தாய்நாட்டு அலை நலிந்ததும் தானாகவே அயல்நாட்டு வலையமைப்பில் பதிந்துகொள்ளும். அந்நிலையில் பொதுவாக, வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. இணைய இணைப்போ, உரியவர் தொடாமலே பின்புலத்தில் இயங்கிச் செலவை ஏற்றிவிடும். பலர் அறியாத நுட்பம் ஒன்றும் இதில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு நாட்டுக்கும் குறியீட்டெண் உண்டு, இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. ஒரு நாட்டின் வலையமைப்பில் பதிந்த கைப்பேசி, அந்த அலை நீடிக்கும்வரை பொதுவாக அந்நாட்டு எண்ணுடைய வலையமைப்புகளையே நாடும். இந்திய அலை மீண்டும் வலுப்பெற்றாலும் அது உடனே திரும்பிவிடுவதில்லை. ஆகவே, கடற்கரையை அடையுமுன்பே ரோமிங் இணையத்தை நிறுத்திவிட்டு, தம் நிறுவனத்தின் வலையமைப்பைக் கைமுறையாகத் தேர்ந்துகொள்வதே தக்க முறையாகும்.

மீனவர் திறத்தில் இது பணத்தோடு நிற்பதன்று. 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடல் எல்லை கைப்பேசித் திரையில் புலப்படாது. இலங்கை நிறுவனத்தின் பெயர் தோன்றுவதால் எல்லை கடந்துவிட்டதாகாது. இந்திய அலை கிடைப்பதால் கடக்கவில்லை என்றும் ஆகாது. இதனை நம்பிப் படகு செலுத்துவோர் கைதாகவும் படகை இழக்கவும் நேரும். எல்லையை அறிய ஜி.பி.எஸ். கருவியையே நாட வேண்டும்.

2006 முதல் இலங்கையின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தோடு ஒத்துச் செல்வதால், இங்கு நேரக் குழப்பம் எழுவதில்லை. வங்கதேச எல்லையிலோ கைப்பேசி தானாகவே அரை மணி முன்னேறிவிடலாம்; நேபாள எல்லையில் கால் மணி. அங்குப் பயணம் செய்வோர் தானியங்கு நேர அமைப்பை நிறுத்திவைத்தல் நலம்.

செயற்கைக்கோள் தொலைபேசி முற்றிலும் வேறு வகையைச் சார்ந்தது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் அது பயன்பட்டதை அடுத்துக் கண்காணிப்பு இறுகியது. துரையா, இரிடியம் ஆகிய கருவிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொணர்வது குற்றமாகும். சில அண்டை நாடுகளில் அவை கடையிலேயே கிடைப்பதால், விதியறியாது பையில் வைத்து வந்து விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட பயணியர் உளர். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியைப் புறப்படுமுன்பே பெறுதல் வேண்டும்.