சித்திரையிலும் தூங்க முடிகிற வீடு

வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் முகப்பிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். மதுரை மாதிரி ஊரில் ஒரு வீட்டின் யோக்கியதை தெரிவது சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கு. பகலெல்லாம் காய்ந்த தளமும் மேற்குச் சுவரும் அப்போதுதான் அனலைக் கக்கும். மின்விசிறி அதையே கட்டில் மேல் தள்ளும். ஏசி போட்டாலும் சுவரில் சூடு இருக்கும்வரை அது ஓய்வதில்லை. வெயிலை வெளியிலேயே நிறுத்திவிட்டால் இந்தப் பாடு பாதியாகக் குறையும். அதற்கான முடிவுகளை வானம் தோண்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். 30க்கு 40 அடி மனை, ஒரு குடும்பம், உடன் வயதான அம்மா அப்பா என்று வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, பிளான் போடக் கொடுப்பதற்கு முன் சாயங்காலம் நான்கு மணிக்கு மனையில் போய் நிற்பது. மேற்கே மாடி வீடு இருந்தால் அதன் நிழல் உங்களுக்கு லாபம். காலி மனையாக இருந்தால் அந்தப் பக்கம்தான் கவனம் வேண்டும். வடக்குச் சுவரில் வெயில் படாது என்று பலர் சொல்வார்கள். வட இந்தியாவுக்கு அது பெரும்பாலும் சரி, நமக்குச் சரிவராது. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வரும் சூரியன், அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் முழுக்க இந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆகவே தெற்கு ஜன்னலுக்குப் போடுகிற இரண்டடி சன்ஷேடை வடக்கு ஜன்னலுக்கும் போடுங்கள்.

அடுத்து அறைகள். வாஸ்துப்படி பெரிய படுக்கையறை தென்மேற்கு மூலையில் வரும். அந்த மூலையின் மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கும். வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அறை அங்கேயே இருக்கட்டும். அதன் மேற்குச் சுவரை ஒட்டிக் குளியலறையையும் துணி அலமாரியையும் வைத்து, மாடிப்படியை வெளியே மேற்குப் பக்கம் ஏற்றுங்கள். வெயில் முதலில் படியில் விழும், பிறகு குளியலறையில். கட்டிலுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். அம்மா அப்பாவின் அறை தரைத்தளத்தில், குளியலறைக்குப் பக்கத்தில், இடையில் படி இல்லாமல் இருக்க வேண்டும்.

பில்லர் எழுப்பி நாலரை இஞ்ச் சுவர் வைத்து அடைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்சுவருக்கு அது போதும், மேற்குச் சுவருக்குக் கூடாது. அங்கே ஒன்பது இஞ்ச் சுவராக, முடிந்தால் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'ரேட் ட்ராப்' முறையில் கட்டச் சொல்லுங்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அதில் அடைபடும் காற்று சூட்டைத் தடுக்கிறது. செங்கலும் கால்வாசி மிச்சம். விளிம்பு நேராக உள்ள சேம்பர் செங்கல்தான் இதற்கு ஒத்துவரும். பழக்கமில்லாத கொத்தனார் தயங்குவார். முதலில் காம்பவுண்டு சுவரை அப்படிக் கட்டச் சொன்னால் கை பழகிவிடும். மின்குழாய் எங்கே போகிறது என்பதை மட்டும் சுவர் எழும்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறகு காடி வெட்டினால் சுவர் கெடும்.

வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு தளத்தின் வழியாகத்தான் வருகிறது. செலவில் எங்கே கை வைத்தாலும் இங்கே வைக்காதீர்கள். கான்கிரீட் போட்டு நீராற்றி முடித்ததும் அதன்மேல் சுருக்கி போட வேண்டும். நீற்றிய சுண்ணாம்போடு செங்கல் ஜல்லியைக் கலந்து, மூன்று இஞ்ச் கனத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டத் தட்ட, உதிரியாகக் கிடந்த ஜல்லி இறுகி, கட்டை பட்டால் 'ணங்' என்று சத்தம் எழும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பது பழைய முறை. நான் வெள்ளை ஓட்டையே பதிக்கச் சொல்வேன். கடையில் கழித்துப்போட்ட உடைந்த வெள்ளை டைல்ஸ் கிடைத்தாலும் போதும். சுருக்கி சூட்டை மெதுவாக்கும், வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். இரண்டும் சேர்ந்தால்தான் இரவில் வித்தியாசம் தெரியும். அழுக்கேறிய வெள்ளைக்குப் பலன் குறைவு. பங்குனிக் கடைசியில் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஜன்னல்கள் எதிரெதிரே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காற்று குளிரத் தொடங்கும் ஆறு மணிக்குத்தான் கொசுவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துகிறோம். ஆகவே கொசுவலைச் சட்டத்தை ஜன்னலோடு சேர்த்தே தச்சரிடம் சொல்லிவிடுங்கள். வலை காற்றைக் குறைக்கும் என்பதால் ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். கூரைக்கு ஓரடி கீழே, இரவும் பகலும் திறந்தே கிடக்கும் வென்டிலேட்டர் எல்லா அறைக்கும் வேண்டும். மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற அதுதான் வழி. சின்ன மனையில் செட்டிநாட்டு முற்றம் கட்ட முடியாது. வீட்டு நடுவில் ஆறுக்கு ஆறு அடி திறப்பு விட்டு, மேலே கம்பியும் வலையும் போட்டால் அந்த வேலை நடக்கும்.

வாசலில் ஒரு திண்ணை கட்டாயம் வேண்டும். ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், மேலே சரிந்த ஓட்டுக்கூரை. தாத்தா பாட்டிக்கு மாலையில் தெருவைப் பார்த்து உட்கார இடம் கிடைக்கிறது. வாசல் சுவருக்கும் நிழல் கிடைக்கிறது. கோலத்துக்கு நாலடி மண் தரையை விட்டுவையுங்கள். சிமென்ட் போட்டு மூடினால் அதுவும் சூட்டைத்தான் கக்கும். உள்ளே தரைக்கு ஆத்தங்குடி கல் போடலாம். சூளையில் சுடாமல் கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்வது, வெறுங்காலுக்குக் குளிர்ச்சி.

மழைநீர்த் தொட்டியைப் பெயருக்குக் கட்டாதீர்கள். 1,000 சதுர அடித் தளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் விழும். முதல் மழையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வடிகட்டித் தொட்டிக்கு விடுங்கள். நிரம்பி வழிவது கிணற்றுக்கோ போர்வெல் பக்கத்துக் குழிக்கோ போகட்டும். மேற்கே இடம் மிஞ்சினால், சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு புங்கை வையுங்கள்.

சோலார் பேனலைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் ஏழெட்டு அடி உயரச் சட்டத்தில் தெற்கு பார்த்து ஏற்றினால், மின்சாரத்தோடு தளத்துக்கு நிழலும் கிடைக்கும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் உண்டு. மாடியின் கிழக்குப் பாதியைத் திறந்தே விடுங்கள், வடாம் காய அங்கே வெயில் வேண்டும். சட்டத்தின் கால்களுக்கான போல்ட்டுகளைக் கான்கிரீட் போடும் அன்றே பதித்துவிடும்படி மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள். சுருக்கி போட்ட பிறகு துளைத்தால், அடுத்த ஐப்பசியில் அந்த இடத்தில்தான் ஒழுகும்.