காப்பகத்துக்கு அரிசி மூட்டை மட்டும் போதுமா?

சென்னையில் ஒரு நாய்கள் காப்பகத்திலிருந்து மணி என்ற நாயைத் தத்தெடுத்து வந்து நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூண்டு கழுவப் போகிறேன். தெரிந்தவர்களிடம் காப்பகத்துக்காகப் பணமும் கேட்கிறேன். கேட்கப் போகும் வீடுகளில் எனக்கு முன்பே சில நம்பிக்கைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

"காப்பகத்து நாய் என்றாலே ஏதோ கோளாறு இருக்கும்." நான் பார்த்தவரை, வீட்டு உரிமையாளர் மறுத்தார், வேலை வேறு ஊருக்கு மாறியது, குழந்தை பிறந்தது என்றுதான் நாயைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மணி முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. பயத்தைக் குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் நான்காம் நாள் திருப்பி விட்டிருப்பேன். பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டுப் பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்பது தத்துக் கொடுப்பவர்கள் சொல்லும் கணக்கு. மணிக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

"பணம் எதற்கு, அரிசி மூட்டையாக வாங்கித் தருகிறேனே." அரிசியும் வேண்டும்தான். ஆனால் பணம் கரைவது சிகிச்சை அறையில். பார்வோ வைரஸ் தாக்கிய குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக ஓரிரு நாளில் துவண்டுவிடும். நாள்கணக்கில் ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, கூடவே வரும் பாக்டீரியா தொற்றுக்கு மருந்து கொடுத்து, அதன் உடல் போராடி மீளும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. காலத்தில் கிடைத்தால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இராத்திரி விழித்திருந்து ட்ரிப்ஸ் பார்க்கும் பணியாளருக்குச் சம்பளம் வேண்டும்.

குட்டி பிழைத்த பிறகும் வைரஸ் போவதில்லை. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். சோப்புக்கும் சாதாரண ஃபினாயிலுக்கும் அது அசையாது. மலத்தை முழுக்க அள்ளித் தரையைக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறவர்களிடம் பழைய செய்தித்தாளும் கிழிந்த பெட்ஷீட்டும் ப்ளீச்சும் கேட்பது இதனால்தான். மருந்தும் சம்பளமும் மாதாமாதம் வரும் செலவு. ஒரே தடவையில் 2,000 ரூபாய் தருகிறேன் என்பவரிடம், மாதம் 200 ரூபாயாகத் தர முடியுமா என்று கேட்கிறேன்.

"கொடுக்கிற பணம் எங்கே போகிறதோ!" இந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். பதிவு எண், தணிக்கை செய்த கணக்கு, ரசீது மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். 80ஜி அங்கீகாரம் உள்ள காப்பகமென்றால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் நன்கொடையில் பொதுவாகப் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு அந்தச் சலுகை இல்லை. ஒருமுறை கால் முறிந்த நாயின் படத்தைப் போட்டுப் பணம் திரட்டினேன். மூன்றாம் நாள் அது இறந்துவிட்டது. மீதிப் பணம் என்னவாகும் என்று ஒரு அம்மா கேட்டார். முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டியது என் கடமை. இப்போதெல்லாம் மிஞ்சுவது பொதுச் சிகிச்சைக்கு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

"தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைத்துவிட்டால் தீர்ந்தது." அவ்வளவு இடம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964இலேயே சென்னையில் முன்வைத்தது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பகங்களின் சுமை இதனால் கூடத்தான் செய்யும்.

"ஒரு ஈற்றாவது ஈன்ற பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும்." தேவையே இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெண் நாய்க்கு மடிக்கட்டி வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

கூண்டு கழுவ வரத் தயங்குகிறவர்கள் சொல்வது வேறு: "கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி!" ரேபிஸுக்கான அந்தப் பழைய தடுப்பூசியின் தயாரிப்பு இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இப்போது ஊசி கையில்தான். கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. காப்பகத்தில் வேலை செய்ய வருபவர்கள் கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பிறகு கடித்தாலும் சிகிச்சை அவசியம்தான், ஆனால் ஊசிகளின் எண்ணிக்கை குறையும். நான் மூன்று ஊசியும் போட்டுக்கொண்ட பிறகே முதல் கூண்டின் கதவைத் திறந்தேன்.